தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்: கோல்ட் 1873 பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: கௌபாய் படங்களில் எல்லார் இடுப்பிலும் ஒரே மாதிரி ரிவால்வர்தான் தொங்குகிறது. அது எது? உண்மையிலேயே அவ்வளவு பேர் வைத்திருந்தார்களா?

பதில்: அது கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. 'பீஸ்மேக்கர்' என்பது வியாபாரிகள் வைத்த செல்லப்பெயர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள கோல்ட் தொழிற்சாலையில் 1873-இல் உற்பத்தி தொடங்கியது. நிறுவனர் சாமுவேல் கோல்ட் இதைப் பார்க்கவில்லை, 1862-லேயே இறந்துவிட்டார். வடிவமைப்பில் முக்கியப் பங்கு வில்லியம் மேசனுடையது.

இது ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போட வேண்டுமென்றால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் அறைகள் முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். அந்த யோசனைக்கு ரோலின் வைட் 1855-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைப் பயன்படுத்தும் உரிமை போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸனிடம் இருந்தது. 1869-இல் காப்புரிமை காலாவதியாகும்வரை கோல்ட் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. பிறகு செய்த மாதிரியில் சிலிண்டருக்கு மேலே உலோகப் பட்டை கிடையாது. அமெரிக்க ராணுவம் உறுதியான சட்டம் (துப்பாக்கியின் உடற்கூடு) வேண்டும் என்றது. மேல்பட்டையோடு, .45 அளவில் மறுபடி செய்து காட்டியதும் முதல் தவணையாக 8,000 கேட்டார்கள். 1890-களின் தொடக்கத்துக்குள் ராணுவம் வாங்கியது சுமார் 37,000. ஆனால் 1940 வரை மொத்தம் மூன்றரை லட்சத்துக்கும் மேல் தயாராயின. ஆகவே பெரும்பாலானவை போனது ராணுவத்துக்கு வெளியேதான்.

இன்னொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு நடப்பதாகக் காட்டும் கதையில் இந்தத் துப்பாக்கி வந்தால் அது பிழை. அப்போது இது பிறக்கவே இல்லை.

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கும் எங்கள் சம்பந்தி வீட்டில் ஒன்று இருக்கிறது. சட்டத்தில் 'யு.எஸ்.' முத்திரை, குழல் ஐந்தரை அங்குலம். ஆனால் சட்டத்தில் ஒரு எண், விசைக் காப்பில் வேறு எண், கைப்பிடியின் பின்பட்டையில் இன்னொரு எண். பார்த்தவர் ஒருவர் 'கதம்பம், மதிப்பில்லை' என்று சொல்லிவிட்டார். சரிதானா?

பதில்: அவசரப்பட்டிருக்கிறார். எண்கள் ஒத்துப்போகாததே சாட்சியாக இருக்கும் ஒரே வகை இதுதான்.

குதிரைப்படைக்குப் போனவற்றின் குழல் ஏழரை அங்குலம். அவற்றில் எல்லா எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். 1895 முதல் 1903 வரை ராணுவம் தன் கிடங்கில் இருந்தவற்றைக் கழற்றி, குழலை ஐந்தரை அங்குலமாக்கி, உதிரிகளை எண் பார்க்காமல் சேர்த்துப் பூட்டியது. சேகரிப்பாளர்கள் இதை 'ஆர்ட்டிலரி' என்பார்கள். அதில் கலப்பு எண்கள் இயல்பு. ஏழரை அங்குலக் குழலோடு கலப்பு எண்கள் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கைப்பிடியில் ஆர்.ஏ.சி. என்ற எழுத்துகளும் ஆண்டும் அழுத்திய முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். ரினால்டோ கார் என்ற ஆய்வாளரின் முத்திரை அது. சட்டத்திலோ சிலிண்டரிலோ 'ஏ' என்ற ஒற்றை எழுத்து இருந்தால், அந்தப் பாகம் தொடக்க கால ஆய்வாளர் ஆர்வில் எய்ன்ஸ்வொர்த் பார்த்ததாக இருக்கலாம். 1876-இல் பூர்வகுடிகளிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படை வைத்திருந்தது அவர் பார்த்த துப்பாக்கிகளைத்தான் என்பதால் விலை எங்கோ போகும். போலி முத்திரைகளும் அங்கேதான் குவியும். எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய முத்திரை முதலில் குத்தப்பட்டது, மெருகும் தேய்மானமும் பின்னால் வந்தவை. தேய்ந்த பரப்பின்மேல் கூர்மையாக நிற்கும் முத்திரை நேற்றையது.

கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்த எண் எப்போது, என்ன குழலோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். ராணுவத் துப்பாக்கி என்றால் 'அரசு ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டது' என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். எந்தப் படைப்பிரிவு என்பது அதில் வராது.

கேள்வி: எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரிசை எண்தான் முதல் வழி. 1873 முதல் 1940 வரை முதல் தலைமுறை, எண் 3,57,859 வரை. 1956-இல் மறுபடி தொடங்கியபோது எண்ணுக்குப் பின்னால் எஸ்.ஏ. சேர்ந்தது. 1974 வரை இரண்டாம் தலைமுறை, 1976 முதல் மூன்றாவது.

முதல் தலைமுறைக்குள் இரண்டு வகைச் சட்டங்கள். சிலிண்டர் அச்சைப் பிடித்துக்கொள்ள சட்டத்தின் முன்முகத்தில் ஒரு திருகாணி இருந்தால் பழையது. பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் பூட்டு இருந்தால் 1890-களிலோ அதற்குப் பிறகோ செய்தது. பூட்டு இருக்கிறதே, நவீன வெடிமருந்துத் தோட்டா போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். புகையற்ற மருந்துக்குத் தொழிற்சாலை உத்தரவாதம் தந்தது 1900-இல், சுமார் 1,92,000-ஆம் எண் முதல்தான். அதற்கு முந்தியவற்றின் உலோகம் கரிமருந்தின் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்தது. நவீனத் தோட்டா போட்டால் சிலிண்டர் வெடித்துப் பிளக்கலாம்.

கேள்வி: குதிரையை இழுக்கும்போது நான்கு 'டிக்' கேட்கிறது. ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டாதான் போடுவார்களாமே?

பதில்: தோட்டாவை அடிக்கும் ஹாமரைத் தமிழில் குதிரை என்பதும், கோல்ட் முத்திரையில் ஒரு குதிரைக்குட்டி முன்னங்கால் தூக்கி நிற்பதும் தற்செயல்தான், இருந்தாலும் பொருத்தம்.

முதல் சத்தம் பாதுகாப்புப் பள்ளம். இரண்டாவது அரைநிலை, இதில்தான் சிலிண்டர் தடையின்றிச் சுழலும். மூன்றாவது, சிலிண்டரைப் பிடிக்கும் தாழ் மேலே எழும் சத்தம். நான்காவது முழுநிலை. ஊசி குதிரையின் மூக்கிலேயே இருப்பதால், இறக்கிய நிலையில் அது நேராகத் தோட்டாவின் அடியில் உட்கார்ந்திருக்கும். பாதுகாப்புப் பள்ளத்தின் விளிம்போ மிக மெல்லியது. துப்பாக்கி கீழே விழுந்தால் ஒடிந்துவிடும். அதனால்தான் குதிரைக்கு அடியில் காலி அறை. ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நான்கு போட்டு, முழுநிலைக்கு இழுத்து மெதுவாக இறக்கினால் காலி அறை தானாக அடியில் வந்து நிற்கும்.

அரைநிலையிலிருந்து நேராக இறக்காதீர்கள். தாழ் தவறான இடத்தில் எழுந்து, சிலிண்டரைச் சுற்றி வளையம்போல ஒரு கோடு கிழிக்கும். முழுநிலைக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும். வாங்கப் போகும்போது, முதலில் தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, சத்தங்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பள்ளம் ஒடிந்திருக்கும், அல்லது விசைக்கும் தாழுக்கும் பொதுவான தட்டை ஸ்பிரிங் போயிருக்கும். ஸ்பிரிங் மலிவு. குதிரையின் பள்ளத்தைச் சரிசெய்வது கைதேர்ந்தவர் வேலை.

கேள்வி: தாத்தா காலத்துத் துப்பாக்கி. பழுப்பேறிக் கிடக்கிறது. மெருகேற்றிப் புதிதுபோல் ஆக்கினால் விலை கூடுமா?

பதில்: குறையும், அதுவும் பாதிக்கும் கீழே போகலாம். இதைக் கேட்காமலே செய்துவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

சட்டத்துக்கும் குதிரைக்கும் எலும்புக்கரியில் வைத்துக் கடினமாக்கியபோது நீலமும் பழுப்பும் கலந்த மேகவண்ணம் வந்தது. குழலும் சிலிண்டரும் நீலம். சில நிக்கல் பூச்சு. மேகவண்ணம் கை படும் இடத்தில் முதலில் வெளிறி வெள்ளிச் சாம்பலாகும். பக்கக் கதவின் உட்புறம்போன்ற மறைவிடங்களில் மட்டும் தங்கும். நேர்மையான பழசுக்கு இதுவே அடையாளம். எல்லா இடத்திலும் ஒரே அளவு வண்ணம் ஜொலித்தால் மறுபூச்சு. மெருகுச் சக்கரம் திருகாணித் துளைகளின் விளிம்பைக் கிண்ணம்போலக் குழித்துவிடும், எழுத்துகளின் ஓரத்தை மழுக்கிவிடும், புதுப் பூச்சுக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரியும். இந்த மூன்றையும் மறைக்க முடியாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான். வெள்ளைத் துணியில் மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது: அந்த இடத்தில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, ஓரம் மழுங்கிய செப்புத் தகட்டால் மெல்லச் சுரண்டுங்கள். துணி சுத்தமாக வந்தால் அந்தப் பழுப்பு அடங்கியது; விட்டுவிடுங்கள். நிக்கலுக்கு அம்மோனியா கலந்த கரைப்பான் ஆகாது. கீறல் வழியாக உள்ளே போய்ப் பூச்சை உரிக்கும். கழற்றுவதானால் வெட்டுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். ஆப்புபோல் சரிந்த சாதாரண முனை வழுக்கித் திருகாணித் தலையைச் சிதைக்கும். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதிலேயே போடுங்கள், நீளம் ஒன்றல்ல.

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டன் வைத்திருந்தது முத்துக் கைப்பிடியா, தந்தமா? என்னிடம் ஒன்று தந்தம் என்று விற்கப் பார்க்கிறார்கள்.

பதில்: தந்தம். 1916-இல் வாங்கிய .45 கோல்ட் அது. உங்கள் விஷயத்தில், கைப்பிடியின் அடிப்பக்கக் குறுக்குவெட்டைப் பாருங்கள். உண்மைத் தந்தத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் ஓடும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள் இருக்கும், பிளாஸ்டிக்கில் இணைகோடுகள் அல்லது ஒன்றுமே இருக்காது. உண்மையாக இருந்தால் அமெரிக்காவில் தந்த விற்பனைக்கும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

கேள்வி: அசல் தோல் உறையிலேயே வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் நீலப் பூச்சைத் தின்னும். துப்பாக்கிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, 50 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம். உறையைத் தனியே, உள்ளே அமிலமில்லாத காகிதம் திணித்து வையுங்கள்.