யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இரண்டாவது முறையாகப் பதவி உயர்வு கைநழுவிப் போனது. நான் வேலை கற்றுக்கொடுத்தவருக்கே அது கிடைத்தது. தினமும் வீட்டில் இதையே பேசுகிறேன். ஜிம்மில் மேலாளரை நினைத்துக்கொண்டு மணல் மூட்டையைக் குத்துகிறேன். எரிச்சல் அடங்கவில்லை. இந்தக் கோபத்தை வைத்தே முன்னேறி, அவர்களுக்குக் காட்ட வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: மணல் மூட்டையிலிருந்தே தொடங்கலாம். கோபத்தைக் கொட்டினால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கோபமூட்டியவரை நினைத்தபடி குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டுப் பேச்சும் எனக்கு அப்படித்தான் படுகிறது. கேட்கும் வீட்டாரும் பாவம்!

அப்புறம் அந்தச் சபதம். அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற வேகம் இரண்டு வாரம் நன்றாக ஓடும். பிறகு, நீங்கள் ராத்திரி கண்விழித்துப் படிப்பதை மேலாளர் கவனிக்கக்கூட இல்லை என்று தெரியவரும். நாளைக்கே அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் யாருக்குக் காட்டுவீர்கள்? உங்கள் படிப்புக்கு அவரைத் தேர்வாளராக உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘நான் கற்றுக்கொடுத்தவர்’ என்பது மட்டும் மூன்று இடத்தில் வருகிறது. வலி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது பதவியா, கற்றுக்கொடுப்பவர் என்ற மதிப்பா? இரண்டுக்கும் வழி வேறு. ஒன்பது வருடத்தில் அந்த வேலையே அலுத்துப் போயிருக்கலாம், அதையும் ஒளிக்காமல் யோசியுங்கள்.

யோசிப்பதைவிட எழுதுவது நல்லது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்திய சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனக்கும். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

நான்கு நாள் முடிந்ததும் மேலாளரிடம் போங்கள். “எனக்கு ஏன் தரவில்லை?” என்று கேட்டால் அவர் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார். “அடுத்த முறை என் பெயரைச் சொல்ல, என்னிடம் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அதற்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது படிப்பேன்’ என்பது திட்டமே இல்லை. ‘செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு வேலையை முடித்ததும், அதே மேசையில் ஒரு மணி நேரம்’ என்பது திட்டம்.

இரண்டு முறை கேட்டும் மழுப்பினால், குறை உங்களிடம் இருப்பதாக நான் நம்ப மாட்டேன். வேறு இடத்துக்கு விண்ணப்பம் எழுத உட்காருங்கள்.

ஜிம்முக்குத் தாராளமாகப் போங்கள். குத்தும்போது மட்டும் பாட்டு கேளுங்கள்.