ஞாயிறு தமிழ் வகுப்பில் கணினி வைத்துக் குழுப்படிப்பு: கேள்வி பதில்

மியான்மரில் யங்கோன், பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் கோயில் மண்டபங்களிலும் வீடுகளிலும் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

தட்டோனிலிருந்து: அக்கா, எங்களிடம் பழைய லேப்டாப் மூன்று, பிள்ளைகள் பன்னிரண்டு பேர். நாலு நாலு பேராக உட்கார வைத்தால் ஒருத்தன் தட்டுகிறான், மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஒருத்தனே முடித்துவிடக்கூடிய வேலையைக் கொடுத்தால் அவன் முடிக்கத்தான் செய்வான். பக்கத்தில் இருப்பவனிடம் கேட்காமல் முடியாதபடி வேலையை உடைத்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் 1971இல் எலியட் அரான்சன் கொண்டுவந்த ஜிக்சா முறை இதுதான். கணினி இல்லாமல் பிறந்த முறை, கணினிக்கும் நன்றாகப் பொருந்தும்.

பாடம் ஐராவதி ஆறு என்று வையுங்கள். நாலு துண்டு: கச்சின் பக்கம் இரண்டு ஆறுகள் கூடி ஐராவதி ஆவது, படகும் கரையோர ஊர்களும், ஆற்று ஓங்கில் (டால்பின்), டெல்டா நெல். ஒவ்வொரு துண்டும் அரைப் பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு.

முதல் 8 நிமிடம் அவரவர் வாசிப்பு. அடுத்த 12 நிமிடம், ஒரே துண்டு வைத்திருக்கும் மூன்று பேர் கூடிப் பேசி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். அதுவரை லேப்டாப் மூடியே இருக்கட்டும். திறந்தால் கண்ணெல்லாம் அங்கேதான் போகும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி, 20 நிமிடத்தில் ஒரே பதிலை எழுத வேண்டும்: "கோடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் அடி வாங்குவது படகுக்காரரா, விவசாயியா, ஓங்கிலா? ஏன்?" நாலு துண்டும் சேராமல் இதற்குப் பதில் வராது. "ஐராவதி பற்றி எழுதுக" என்று கேட்டீர்களோ, ஆளுக்கு ஒரு பத்தி ஒட்டிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள்.

ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: தன் துண்டைத் தானே தட்டக்கூடாது. துண்டை வைத்திருப்பவர் வாயால் சொல்ல, இன்னொருவர் புரிந்துகொண்டு தட்ட வேண்டும். புரியாவிட்டால் கை நிற்கும், கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மோல்மேனிலிருந்து: அன்றைக்கு ஒரு பிள்ளை வராவிட்டால்?

பதில்: அந்தத் துண்டை அதே குழுவில் வேகமாக வாசிக்கும் பிள்ளையிடம் இரண்டாவதாகக் கொடுங்கள். ஒரு ஆள் கூடினால், கடினமான துண்டுக்கு இரண்டு பேர்.

யங்கோனிலிருந்து: வணக்கம் அக்கா. கரண்ட் எப்போது போகும் என்றே தெரியவில்லை, டேட்டாவுக்கும் காசு ஆகிறது. இணையம் இல்லாமல் நடத்த வழி உண்டா?

பதில்: உண்டு. ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று, 32 ஜிபி மெமரி கார்டு, அதில் இலவசமாகக் கிடைக்கும் மூடில்பாக்ஸ் (மூடில் என்ற இணைய வகுப்பறை மென்பொருளை அந்தக் கணினியில் ஓட்டுவது). அந்தப் பெட்டியே வைஃபை கொடுக்கும், போன்கள் அதில் சேர்ந்துகொள்ளும். பத்துப் பன்னிரண்டு போன்களைத் தாங்கும். இருபதைத் தாண்டினால் தனி ரவுட்டர் போடுங்கள்.

மின்சாரக் கணக்கு: 20,000 எம்ஏஎச் பவர்பேங்கில் இருப்பது சுமார் 74 வாட்-மணி. இழப்புப் போகக் கைக்கு வருவது 60 அளவு. பெட்டி தின்பது ஏறக்குறைய 5 வாட். ஒரு பகல் முழுக்க ஓடும். ஆனால் பவர்பேங்க் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தர வேண்டும். குறைந்தால் பெட்டி காரணமே இல்லாததுபோல் அணைந்து அணைந்து எழும்.

பவர்பேங்கைச் சார்ஜில் போட்டபடியே பெட்டியை ஓட்டாதீர்கள். கரண்ட் போகிற நொடியில் பல பவர்பேங்குகள் கண் சிமிட்டுவதுபோல் ஒரு கணம் அணைந்து எழும். அதிலேயே மெமரி கார்டு கெட்டுப்போகும். வகுப்பு முடிந்ததும் வயரைப் பிடுங்காமல், நிர்வாகப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி அணையுங்கள். கார்டுக்கு ஒரு நகல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

வைஃபையில் சேர்ந்தும் பக்கம் திறக்கவில்லை என்பார்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டு, போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு, உலாவியின் முகவரி இடத்தில் 10.0.0.1 என்று தட்டச் சொல்லுங்கள்.

பெகுவிலிருந்து: மூடிலில் கேள்வி-பதில் வகைக் கருத்துக்களம் வைத்தோம். பிள்ளைகள் எழுதிவிட்டார்கள், ஆனால் அடுத்தவர் எழுதியது தெரியவில்லை. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பார்த்து எழுதக்கூடாது என்பதற்காகவே, தான் எழுதும்வரை மற்றவர் பதிலை அந்த வகை மறைத்துவைக்கும். எழுதிய பிறகும், பதிவைத் திருத்தும் நேரம் முடியும்வரை திறக்காது. அது வழக்கமாக 30 நிமிடம். அதற்குள் உங்கள் வகுப்பே முடிந்துவிடும். தள நிர்வாகத்தில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அதை 1 நிமிடமாக்குங்கள்.

இன்னொன்று: மூடில் விக்கியில் (பலர் சேர்ந்து எழுதும் பக்கத்தில்) ஒருவர் திருத்தும்போது அந்தப் பக்கம் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் ஈதர்பேட் என்ற மென்பொருளைப் போடுங்கள்.

மோல்மேனிலிருந்து: "நல்லா இருக்கு", "சரி" இதற்கு மேல் ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் எதுவும் எழுதுவதில்லை.

பதில்: வாக்கியத்தின் தொடக்கத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். டொரன்டோவில் ஸ்கார்டமாலியா, பெரைட்டர் என்ற கல்வி ஆய்வாளர்கள் உருவாக்கிய நாலெட்ஜ் ஃபோரம் மென்பொருளில் இதற்கென்றே பொத்தான்கள் உண்டு. நமக்கு ஒரு அட்டை போதும்: "எனக்குத் தோன்றுவது…", "எனக்குப் புரியாதது…", "நீ சொன்னதில் இடிப்பது…". மூன்று போதும். பத்து கொடுத்தால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அட்டையை நிரப்புவார்கள்.

யங்கோனிலிருந்து: தமிழில் தட்ட ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. நடுவே ஒருத்தி பர்மியத்தில் எழுதினால் மற்றவர் போனில் குப்பையாகத் தெரிகிறது.

பதில்: குப்பைக்குக் காரணம் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு. 2019 அக்டோபரில் நாடே எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாறியது; பழைய போன்கள் சில மாறவில்லை. அப்படி மாறாத போனில் யூனிகோடு எழுத்துருவும் விசைப்பலகையும் போடுங்கள். தமிழுக்கு இந்தச் சிக்கல் வராது, அதன் குறியீட்டு இடமே வேறு.

வேகம் வரும்வரை தாளில் எழுதிப் படம் பிடித்து ஏற்றட்டும். பேசிக்கொள்வது பர்மியத்தில் நடந்தால் தடுக்காதீர்கள். முடிவை மட்டும் தமிழில் கேளுங்கள்.

பெகுவிலிருந்து: மதிப்பெண் எப்படிப் போடுவது? ஈதர்பேட்டில் ஆளுக்கு ஒரு நிறம் தெரிகிறதே, அதை எண்ணலாமா?

பதில்: எண்ணாதீர்கள். நிறம் யார் தட்டினார்கள் என்றுதான் சொல்லும், யார் யோசித்தார்கள் என்று சொல்லாது. எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் வளவளவென்று எழுதுவார்கள். குழுவின் பதிலுக்கு 6, தனித்தனியாக ஐந்து நிமிடத் தாளுக்கு 4 என்று வையுங்கள். தாளில் அவரவர் துண்டை விட்டுவிட்டு மற்ற மூன்றிலிருந்தும் கேளுங்கள். நெல் படித்தவள் ஓங்கிலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால், அன்று அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.