சந்தா கட்டியும் படம் இல்லை

கேள்வி: படம் பார்க்கும் மூன்று இணையத் தளங்களுக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். புதுப் படம் சென்னையில் அண்ணன் வீட்டு டிவியில் ஓடுகிறது. அதே தளம் இங்கே சிங்கப்பூரில் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்கிறது. மகன் எங்கிருந்தோ இறக்கிவிட்டான். நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
– ஈசூன் வாசகி

பதில்: வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டீர்கள். படத்தின் உரிமையை நாடு நாடாகக் கூறுபோட்டு விற்கிறார்கள். இந்திய உரிமை ஒருவரிடம், வெளிநாட்டு உரிமை இன்னொருவரிடம். தளத்தின் பெயர் ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு. இந்தியாவில் 2020 ஏப்ரலில் டிஸ்னி பிளஸும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப்பில் சேர்ந்தன. நமக்கோ அதே ஆண்டு நவம்பரில் ஹாட்ஸ்டார் தனியாக வந்தது, 2021 பிப்ரவரியில் டிஸ்னி பிளஸ் தனியாக வந்தது. தாத்தாவுக்குத் தமிழ்ப் படம், பேரனுக்குக் கார்ட்டூன் என்றால் இரண்டு பில். காசோடு நிற்பவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, திருட்டு பெருகுகிறது என்று இவர்களே புலம்புவார்கள்!

அதற்காக மகனைப் பாராட்ட மாட்டேன். படத்தோடு சேர்ந்து என்ன இறங்குகிறது என்று அவருக்கே தெரியாது. அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். மூன்றையும் நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது இருக்கும் மாதம் மட்டும் ஒன்றைக் கட்டுங்கள், கட்டிய அன்றே ரத்து செய்யுங்கள். பெரும்பாலான தளங்களில் மாதம் முடியும்வரை ஓடும். ஆண்டுச் சந்தா வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு தொடருக்காக நான் கட்டினேன். தொடர் வேறு தளத்துக்குப் போய்விட்டது, சந்தா மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

கேள்வி: ஆப்பை அழித்துவிட்டேன், இன்னும் காசு பிடிக்கிறார்கள்!

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. எங்கே சேர்ந்தீர்களோ அங்கே போய் நிறுத்துங்கள். தொலைபேசி பில்லோடு சேர்ந்து வருகிறதென்றால் அந்த நிறுவனத்திடம்.

கேள்வி: ‘ஆயுள் முழுதும் எல்லாச் சேனலும்’ என்று அம்மாவுக்கு 250 வெள்ளிக்கு டிவியில் மாட்டும் ஒரு பாக்ஸ் விற்றார்கள். ‘சட்டப்படி சரிதான்’ என்றும் சொன்னார்களாம். இப்போது திரை கறுப்பு. கடைக்காரர் பேசவே மறுக்கிறார்.

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள். கடையில் பளிச்சென்று அடுக்கி வைத்து, ரசீதும் போட்டுக் கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? திருட்டுப் படம் காட்டுவதற்கென்றே பாக்ஸ் விற்பது 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டப்படி குற்றம். 2022 அக்டோபரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் போலிஸ் சோதனையே நடந்தது. ரசீதோடு பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். கடைக்காரர் மசியாவிட்டால், சிறு தொகை வழக்குகளுக்கென்றே ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் இருக்கிறது; இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை.

கேள்வி: நேற்று வீட்டுக்கு வந்த விற்பனையாளரிடம் 24 மாத டிவி ஒப்பந்தம் போட்டுவிட்டேன். அப்பா பார்ப்பது வசந்தம் சேனலின் தமிழ் நாடகம் மட்டும். படிக்காமல் கையெழுத்திட்டது தவறா?

பதில்: இதில் என்ன கேள்வி? நீங்கள் கூப்பிடாமல் அவராக வந்திருந்தால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். இன்றே எழுதுங்கள். வசந்தம் நாடகங்கள் மீவாட்ச் என்ற இணையத் தளத்தில் இலவசம். அப்பாவுக்கு நீங்களே போட்டுக் காட்டுங்கள்.