சுராங்கனிக்கு வந்த மீன்

அன்புள்ள ஐயா,

என் பெயர் சுராங்கனி. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்கு வந்தவர்கள். நான் 1973இல் இங்கே பிறந்தேன். பள்ளிக்கூடம் தொடங்கி இன்றைய அலுவலகம் வரை, நான் உள்ளே நுழைந்தாலே யாராவது ‘சுராங்கனி, சுராங்கனிட்ட மாலு கெனாவா’ என்ற அந்தச் சிங்களப் பாட்டை முனகுகிறார்கள். ஏதோ மீன்காரி பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் கெஜட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாமா? அந்தப் பாட்டை இங்கே கொண்டுவந்தது யார்?

சுராங்கனி

அன்புள்ள சுராங்கனி,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் அதைப் பரப்பியவர் ஏ.ஈ.மனோகரன், நம் வாயில் சிலோன் மனோகர். 2018இல் சென்னையில்தான் காலமானார். ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தில் இளையராஜா இசையிலும் பாட்டு வந்தது. அதற்கும் முன்னால் தோண்டினால் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டு, அதைத் தொடங்கிவைத்த போர்த்துக்கீசியர் என்று நாலு நூற்றாண்டு பின்னால் போகவேண்டியிருக்கும். விடுங்கள்.

மீன்காரி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மீன்காரி என்றால் என்ன குறைச்சல்? கூடையைத் தலையில் சுமந்து ஐந்து மைல் நடந்து வந்த ஓர் அக்காவின் கடன் கணக்கில் வளர்ந்த உடம்பு இது. ஐம்பது வயது தாண்டிய பெண் இப்படியா எழுதுவது?

அதுவும் போக, அந்தப் பாட்டில் சுராங்கனி மீன் விற்கவே இல்லை. சிங்களத்தில் மாலு என்றால் மீன். கெனாவா என்றால் கொண்டுவந்தேன். நடுவில் வரும் அந்த ‘ட்ட’வைக் கவனியுங்கள். நம்மூர் ஆட்கள் அதை ஏதோ தாளத்துக்குப் போட்ட சத்தம் என்று நினைத்து அமுக்கிப் பாடுவார்கள். அது நம்முடைய ‘கு’ உருபு. சுராங்கனிட்ட என்றால் சுராங்கனிக்கு. ‘தென் கெனாப்பு மாலு’ என்றால் இப்போதுதான் கொண்டுவந்த மீன். ஆக, எவனோ ஒருவன் பிடித்த மீனைப் பச்சையாக எடுத்துக்கொண்டு உங்களுக்காக ஓடி வருகிறான்! இத்தனை வருடம் உங்களைக் கேலி செய்தவர்கள் உங்களுக்கு மீன் கொண்டுவருவதாகத்தான் பாடியிருக்கிறார்கள், அது தெரியாமலே. பெயரின் பொருளும் அவர்களுக்குத் தெரியாது. சுரர் என்றால் தேவர், அங்கனை என்றால் பெண். ரம்பை, ஊர்வசி வகையறா.

பெரிய மேதாவி மாதிரி சொல்கிறேனே தவிர, நானும் 1981இல் கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸில் இதைத் தொண்டை கிழியக் கத்தியவன்தான். அந்தப் பயணத்தில், உங்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். அங்கேயும் பாட்டுதான், மேசையில் தட்டித் தட்டி. கடையம்மா கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார். “அர்த்தம் தெரிஞ்சா பாடுறீங்க தம்பி?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. மேலே நான் உங்களுக்கு எடுத்த இலக்கண வகுப்பு முழுக்க அந்த அம்மா எனக்கு எடுத்ததுதான்.

அவரும் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்களோடு கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, “எங்க லயத்துக்குக் கீழே கிராமத்துல ஒரு சுராங்கனி இருந்துச்சு” என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்தச் சுராங்கனி சிங்களப் பெண். இவருக்குப் பிள்ளை பிறந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவளாம். தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட அன்று, வளர்த்த நாலு கோழியையும் அவளிடம்தான் விட்டுவிட்டு வந்தாராம். “சாகடிச்சுத் தின்னுடாதடின்னு சொல்லிட்டு வந்தேன். என்ன பண்ணாளோ.” 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர் என்று எண்ணி எழுதினார்கள். கோழியை யார் எண்ணினார்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இந்தப் பாட்டு படத்தில் வருவதற்கு நாலு வருடம் முன்னாலேயே உங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. மலையிலிருந்து கிளம்பி வந்த ஒரு தமிழ்க் குடும்பம், இங்கே பிறந்த பிள்ளைக்கு முத்தம்மா, ராசம்மா என்று வைக்காமல் எதற்காக ஒரு சிங்களப் பெயரைத் தேடி வைத்தது? இதை வீட்டில் ஒரு நாளாவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அம்மா இருக்கிறார்களா? இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், அங்கே பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கெஜட் படிவத்தை அப்புறம் பார்க்கலாம்.