கட்டைவிரலுக்கு ஒரு வர்ணம்

வணக்கம் ஐயா,

41 வயதில் கிட்டார் கற்கத் தொடங்கினேன். எட்டு மாதமாக ஸ்கேல் என்னும் சுர வரிசையும் விரல் பயிற்சியும்தான். 'கை பழகும்வரை பாட்டைத் தொடாதீர்கள்' என்கிறார் ஆசிரியர். வீட்டில் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால் என்னிடம் ஒன்றுமில்லை. பாட்டு வழியாகவே நுணுக்கங்களைக் கற்க முடியாதா? 'இளைய நிலா'வில் தொடங்கலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

முடியும். பொருத்தமான பாட்டாக அமைந்தால் அதுவே பயிற்சியும் ஆகும். நம் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் என்ற உருப்படி அப்படித்தானே? மாணவர் அதை இரண்டு வேகத்திலும் சாதகம் செய்கிறார். வித்வானும் அதே வர்ணத்தில் கச்சேரியைத் தொடங்குகிறார்.

கிட்டாரில் எனக்கு வர்ணம் போல அமைந்தது, கன்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1977இல் வெளியிட்ட 'டஸ்ட் இன் தி விண்ட்'. அக்குழுவின் கிட்டார் கலைஞர் கெர்ரி லிவ்கிரென் விரலால் மீட்டப் பழகுவதற்காக ஒரு பயிற்சியை அமைத்து வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட மனைவி, இதற்கு வரிகள் எழுதலாமே என்றார். அப்படிப் பிறந்த பாட்டு அது.

அதில் இருப்பது 'டிராவிஸ் பிக்கிங்'. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரால் வழங்கும் முறை. கட்டைவிரல் கனத்த கம்பிகளில் மாறி மாறி விழுந்து தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெட்டு மற்ற விரல்களுடையது.

இடது கையால் சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டைவிரல் மட்டும்: ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, நான்கு. யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்க வரும்வரை வேறெதுவும் வேண்டாம். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அப்புறம் ஆள்காட்டி விரலை மூன்றாம் கம்பிக்கும் நடுவிரலை இரண்டாம் கம்பிக்கும் கொடுங்கள். இடது கையில் இரண்டாம் கம்பி மட்டும்தான் மாறும். முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் முதல் கட்டத்தில், இருக்கும் விரலை எடுங்கள். பிறகு சுண்டுவிரலை மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். மற்ற விரல்கள் அசையக்கூடாது. பாட்டின் தொடக்கம் உங்கள் கையிலிருந்தே கேட்கும். எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது.

1968இல் ரிஷிகேஷில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் இந்த முறையைத்தான் பாடகர் டொனோவனிடம் உட்கார்ந்து கற்றார். பீட்டில்ஸ் உலகப் புகழின் உச்சியில் இருந்த நேரம். கற்ற கையோடு அதை 'டியர் புரூடென்ஸ்', 'ஜூலியா' பாடல்களில் பயன்படுத்தினார்.

'இளைய நிலா' இப்போது வேண்டாம். 1982இலிருந்து கேட்டுக் கேட்டு நமக்கு அது எளிதாகத் தோன்றுகிறது. வாசிக்க உட்கார்ந்தால் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போகும், கை இறுகும். இறுகி வாசித்தே பழகிவிட்டால் அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருடம் கழித்து எடுங்கள்.

உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஸ்கேலை விடாதீர்கள், தினம் பத்து நிமிடமாவது வாசியுங்கள். ஆனால் எட்டு மாதம் ஒரு பாட்டுகூட இல்லாமல் மாணவரை உட்காரவைப்பது தவறு என்றே நினைக்கிறேன். தெரிந்த மெட்டில் ஒரு சுரம் பிசகினால் காது உடனே சொல்லிவிடும். வெறும் பயிற்சியில் பிசகு பல நாள் தெரியாமலே கிடக்கும்.

சி மேஜர் பகுதி வந்ததும் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். முழுப் பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏ மைனருக்கு இறங்கும்போது கட்டைவிரல் தடுமாறினால் எழுதுங்கள், அதை விரிவாகப் பார்ப்போம்.