அம்மாவின் வாட்ஸ்அப்பை அழிக்க வேண்டாம்

வணக்கம். 71 வயது அம்மா வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் எல்லாருக்கும் அனுப்புகிறார், சொந்தக்காரர்கள் குறைபடுகிறார்கள், செயலியையே அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அப்பா போன பிறகு பகலெல்லாம் தனியாக இருக்கிறார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குரூப்தான் இப்போது அவருக்குப் பேச்சுத்துணை.

என் அம்மாவும் காலை ஆறு மணிக்கு ஒரு பூப்படம் அனுப்புவார். அப்புறம் கண்ணாடியை ஏற்றி இறக்கி, நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். 'நான் எழுந்துட்டேன், நீ எப்படி இருக்கே' என்றுதான் அந்தப் படத்துக்கு அர்த்தம். ஒரு வரியாவது பதில் போடுங்கள்.

வதந்தி விஷயத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சில செய்திகளின் மேலே தெரியும் இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். பலமுறை கைமாறி வந்த செய்திக்குத்தான் அது வரும். அப்படிப்பட்டதை 2020 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பே ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப விடுகிறது. என் அம்மா இப்போது அம்பைப் பார்த்தால் முதலில் என்னைக் கேட்கிறார். தப்பைத் தனியாகச் சொல்லுங்கள். குரூப்பில் நாலு பேர் முன்னால் திருத்தினால் மனசு விட்டுப்போகும்.

செட்டிங்ஸில் பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் முன்பின் தெரியாதவர்கள் அவரைக் குரூப்பில் சேர்க்க முடியாது. வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், உங்கள் பெயரிலேயே கேட்டாலும், சொல்லக் கூடாது என்று சொல்லி வையுங்கள். எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுங்கள். சரியாகப் படிக்க முடியாமலே அனுப்புகிறாரோ என்னவோ.