சைகோனில் சைவ அம்மாவுடன் விருந்து

சுத்த சைவமான அம்மாவுக்காக, சைகோனில் பிரெஞ்சு சாயல் கொண்ட உயர்தர வியட்நாம் உணவகப் பதிவை ரத்து செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்றே அழைத்து 'அன் சாய்' என்று சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர்.

'இறைச்சி வேண்டாம்' என்பது போதாது. எனக்கு ஓரிடத்தில் கத்தரிக்காய் வந்தது. மேலே வெங்காயத்தாள், பார்க்க லட்சணம். வாயில் வைத்ததும் கருவாட்டு வாசனை! நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் 'நூக் மாம்' சாறு அது. அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி, மீன் கணக்கிலேயே வராது. பிரெஞ்சு பாணி சூப், சாஸ் என்றால் எலும்புச் சாறா என்றும் கேளுங்கள்.

கேரமல் ஊற்றிய 'பான் ஃப்லான்' என்ற புட்டிங் இனிப்பு பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது, அருமையாக இருக்கும். ஆனால் முட்டை உண்டு. அம்மாவுக்குப் பழம், உங்களுக்கு ஃப்லான். அப்புறம், கண்டென்ஸ்டு மில்க் காபியை விட்டுவிடாதீர்கள்.